கழுவிய கரண்டி

லேபில் எனக்குப் பிறகு உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். வேலையை எப்படிச் செய்வது என்பது இதில் இருக்காது. அது அலமாரியில் இருக்கும் நீல நோட்டில் இருக்கிறது. எந்தக் கரைசல் எத்தனை நாள் தாங்கும், எந்தத் தராசு மழைக்காலத்தில் பொய் சொல்லும் என்பதையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் எழுத முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு முறையும் வேறு எதையோ பேசி அனுப்பிவிட்டேன். எனக்கே இன்னும் முப்பது ஆகவில்லை. பெரிய மனுஷிபோல் எதிரில் உட்கார்ந்து புத்தி சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதைக்கூட மூன்றாவது தாளில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். இரண்டாவது குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. விடுவது சரியா என்று தினமும் ஒரு தடவையாவது யோசிக்கிறேன். அந்த யோசனைப் புத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பதால் இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

உருகிய துத்தநாகத் தொட்டியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தங்கச் சுரங்கத்து ஈரத்தில் வெறும் இரும்பு ஒரு வருஷம் தாங்காது. அதனால் குழாய், வாளி, போல்ட் எல்லாவற்றையும் அதில் முக்கி எடுக்கிறோம். மேலே இருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே மிதக்கும் சாம்பலை யாரும் வழித்துவிடலாம். உண்மையான அழுக்கு அடியில் இருக்கிறது. முக்குகிற இரும்பிலிருந்தும் தொட்டியின் சுவரிலிருந்தும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, துத்தநாகத்தோடு சேர்ந்து, கஞ்சியில் நொய் அடங்குவதுபோல் அடியில் போய்த் தங்கும். அதைத்தான் டிராஸ் என்கிறோம். அது ஏறிவிட்டால் குழாயின் மேல் மணல் தூவினதுபோல் பூச்சு வரும். இன்னும் ஏறினால் தொட்டியின் அடி சூடு தாங்காமல் பழுதாகும்.

டிராஸ் எடுக்கிற நாளில் ஷெட்டில் சத்தமே இருக்காது. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே எதையும் முக்க மாட்டார்கள். கிரேன் நிற்கும். பக்கத்தில் சுத்தியல்கூடத் தட்டமாட்டார்கள். அடங்க வேண்டும், அவ்வளவுதான். பேசுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், உலோகத்துக்குக் காது இருப்பதுபோல. பிறகு ஆள் உயரத்துக்கு மேல் காம்பு வைத்த பெரிய ஓட்டைக் கரண்டியை இரண்டு இரண்டு பேராகப் பிடித்து மெதுவாக இறக்குவார்கள். மெதுவாகத் தூக்குவார்கள். நல்ல துத்தநாகம் ஓட்டைகள் வழியாகத் திரும்பித் தொட்டியிலேயே சொட்டி முடியும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார்கள். அவசரப்பட்டுக் கலக்கிவிட்டால் அடங்கினதெல்லாம் மேலே வந்துவிடும். அன்றைய நாள் வீண்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தொட்டிக்குள் போகிற எந்த இரும்பும் முதலில் தொட்டியின் சூடான கரையில் கால் மணி நேரம் படுத்துக் காய வேண்டும். பனி ஈரமாக இருந்தால்கூடப் போதும், உள்ளே போனதும் அது ஆவியாகி உலோகத்தை வீசியடிக்கும். தொட்டி துப்பும் என்பார்கள் இங்கே. துப்பின தழும்பு இல்லாத ஆள் அந்த ஷெட்டில் குறைவு.

டிராஸ் எடுக்கும் கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் அதிகம் இருக்கும். தொட்டியைப் பார்த்து, இன்னும் அடங்கவில்லை என்று அவர் சொன்னால் ஃபோர்மேனும் காத்திருப்பார். என்னை லேப்பம்மா என்று கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

அப்போது என் மூத்தவளுக்கு எட்டு மாதம். நீங்கள் பார்க்கும் அந்தக் கேட்டு, அந்தப் புங்க மரம் எல்லாம் அப்போதும் இப்படியேதான். பால் கொடுக்கிற பெண்களுக்குக் காலை பதினோரு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் கேட்டுக்குப் போக அனுமதி உண்டு. வீட்டிலிருந்து யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். என் பாப்பாவைப் பக்கத்து வீட்டுச் சரோஜாக்கா கொண்டுவருவார். கேன்டீனில் இரண்டு பேர், பெருக்குகிறவர் ஒருவர், ஸ்டோரில் கையுறை தைக்கிற ஒருவர், நான். ஐந்து பேர்.

அது நல்ல வெயில் காலம். பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயில் ஒரு பகுதி அரித்துப்போய், கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். புதுக் குழாய்கள் நம் ஷெட்டில் வரிசையாகக் கிடந்தன. பூச்சு மணலாக வந்ததால் நடுவில் டிராஸ் எடுத்தே ஆக வேண்டியதாகிவிட்டது. மத்தியானத்துக்குள் எடுத்து முடித்துத் தொட்டியைத் திரும்பச் சூடேற்றி, அடுத்த ஷிப்டில் குழாய் முக்க வேண்டும் என்று உத்தரவு. எடுத்து முடித்ததும் நடு ஆழத்திலிருந்து ஒரு சாம்பிள் எடுத்து இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகுதான் அடுப்பு ஏறும்.

அதற்கு முந்தைய இரண்டு சாம்பிள்களில் எனக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எங்கே தப்பு என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கரைசலை மாற்றினேன். தராசைச் சரிபார்த்தேன். கடைசியில் சாம்பிள் கரண்டியின் மேல் சந்தேகம் வந்தது. சின்ன இரும்புக் கிண்ணம் ஒன்றை நீளமான குழாய்க் காம்பில் பற்றவைத்த கரண்டி அது. லேப் சுவரில் கரிபிடித்துத் தொங்கும். பழைய சாம்பல் ஒட்டியிருந்து சாம்பிளைக் கெடுக்கிறதோ என்று நினைத்தேன். காலேஜில் எங்களுக்கு முதல் நாள் சொன்னது, பாத்திரத்தைக் கழுவு, விடையை அப்புறம் சந்தேகப்படு என்பதுதான். அன்று காலை வந்ததும் கரண்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துணியால் துடைத்தேன். ஜன்னலில் வெயிலில் சாய்த்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று காய்ந்திருந்தது. தொட்டும் பார்த்தேன்.

மேலே காய்ந்திருந்தது. காம்பு குழாய் இல்லையா, உள்ளே வெற்றிடம். மேல்முனை திறந்திருக்கும். கழுவும்போது அதற்குள் போன தண்ணீர் கீழே, கிண்ணத்தோடு பற்றவைத்த இடத்தில் தேங்கி நின்றிருக்கிறது. நான் வெளியே இருப்பதை மட்டும் பார்த்தேன்.

பத்தே முக்காலுக்கு டிராஸ் எடுத்து முடித்தார்கள். நான் கரண்டியோடு கரையில் நின்றேன். ஷெட்டில் அந்த அமைதி. அப்போது கேட்டிலிருந்து என் பாப்பாவின் அழுகை கேட்டது. சாதாரண நாளில் கிரேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அன்று அது கரையில் நின்ற ஆறு பேருக்கும் கேட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்காமல் இருந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மேஸ்திரி கையை நீட்டினார். "இப்பிடி குடுங்க லேப்பம்மா. நானே எடுத்து ஊத்தி வக்கிறேன். பாப்பா கூவுது, நீங்க போங்க."

கொடுத்தேன். அவர் அதைக் கரையில் வைக்கவில்லை. நேராகத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனார். வைக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். ஒரு கணக்கை மூன்று தடவை போடுகிறவள். எதையும் இரண்டு தடவை கேட்டு எல்லோருக்கும் சலிப்பு உண்டாக்குகிறவள். அன்று தோன்றியதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பி இரண்டு அடி வைத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. கனமான ஒன்றைத் தண்ணீரில் போட்டதுபோல் ஒரு சத்தம். திரும்பினபோது அவர் இடது கையைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. முன்கையிலும் கழுத்தோரத்திலும் காதிலும் துத்தநாகம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு அப்போதே உறைந்திருந்தது. கத்தவில்லை. மற்றவர்கள்தான் கத்தினார்கள். என் சேலை ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்து துளை போட்டிருந்தது. அதை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இடது கையில் இரண்டு விரல் மடங்காது என்று சொன்னார்கள்.

மறுநாள் ஷெட்டின் மூலையில் அந்தக் கரண்டி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காம்பும் கிண்ணமும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் புதிதாகத் துருத் தண்ணீர் வழிந்த கோடு. என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கரையில் வைத்திருந்தால் காம்பின் மேல்முனையில் ஆவி புகைந்திருக்கும், எல்லோரும் பார்த்திருப்பார்கள். வைக்காததால் தண்ணீர் கரண்டியோடு தொட்டிக்குள் போய் அந்த வெடிப்பு வழியாகப் பீறிட்டிருக்கிறது. கரண்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். லேபுக்கு வந்து குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

விசாரணை வைத்தார்கள். கரண்டியைக் காயவைக்காமல் இறக்கினது அவர் தப்பு என்று குற்றம் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கேட்டபோது, அவசரப்பட்டுட்டேன் சார் என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவரை வேலையிலிருந்து நீக்கப் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. வேலை போனால் வீடும் போகும். இங்கே லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அவர் கரண்டியைச் சூடாக்கியிருந்தால் என் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது. விதி அவருக்குத்தான், கரண்டியைக் கழுவக் கூடாது என்று எனக்கு எந்த விதியும் இல்லை. இது உண்மைதான். அதனால்தான் அதை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் ஓட்ட முடிந்தது. பொய்யான சமாதானமாக இருந்தால் இரண்டு நாளில் உடைந்திருக்கும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பாப்பாவைச் சரோஜாக்காவிடம் விட்டுவிட்டு, அவர் வீடு இருக்கும் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் போனேன். தட்டி வைத்த லைன் வீடு. மாடத்தில் சின்னப் புத்தர் சிலை, அதன் முன்னால் ஒரு டம்ளரில் செம்பருத்தி. வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, பாக்க வந்தியா, எண்ண வந்தியா? பத்து வெரலும் கீது. ரெண்டு மடங்காது, அவ்ளோதான்."

உள்ளேயிருந்து அவர், "சும்மா இரு. லேப்பம்மாவுக்கு டீ போடு" என்றார்.

"வூட்ட காலி பண்ணச் சொன்னா டீத்தூள எங்க வச்சிகினு போறது? லேப்பம்மா வூட்லயா?"

சொல்லிவிட்டு அடுப்பை மூட்டத்தான் செய்தார். நான் பாயில் உட்கார்ந்தேன். அவர் கைக்கட்டைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன், பார்த்துக்கொண்டேதான் பேசினேன். அன்று காலை கரண்டியைக் கழுவினேன், உள்ளே தண்ணீர் நின்றது எனக்குத் தெரியாது, மறுநாள் வெடிப்பைப் பார்த்தேன், பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "தெரியும்" என்றார்.

"அந்தக் கரண்டிய எத்தினி வருசமா பாக்கறேன். கரிப்புடிச்சிதான் கெடக்கும். அன்னிக்குப் பளபளன்னு இருந்துச்சு. கழுவிக்கீறாங்கன்னு கையில வாங்கும்போதே தோணுச்சு. கரையில போட்டா கால் மணி நேரம். பாப்பா கூவிகினே இருந்துச்சு."

அதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? கேட்டாண்ட ஒரு கொழந்த அழுதுச்சு, அதனால அவசரப்பட்டேன்னா? மறுநாளே கொழந்தைங்க வரக்கூடாதுன்னு போர்டு மாட்டிருவாங்க. உங்க ஒருத்தரோட போவாது. அஞ்சு பேரு."

டீ டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது. அவருக்கும் இது அப்போதுதான் தெரிந்தது.

"அஞ்சு பேரு புள்ளைங்கள நெனச்ச" என்றார் புருஷனைப் பார்த்து. "நம்ம புள்ளைங்க மூணு இருக்குதே, அது உன் நெனப்புல இல்லையா?"

 நான் டீயைக் குடித்தேன். இதற்கு மேல் கேட்டுவிடாதீர்கள் என்று மேஸ்திரி கண்ணாலேயே சொன்னதுபோல் இருந்தது. ஆனால் இதற்கு முன் எனக்கு ஒரு குற்றம்தான் தெரிந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது இரண்டு இருந்தன: கழுவினது ஒன்று, எனக்காக அவர் அவசரப்பட்டதைப் பார்த்தும் சொல்லாமல் நின்றது ஒன்று.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துக்குள் டிம்பர் வேலை, பாறைக்கு மரம் முட்டுக் கொடுப்பது. குறைவாகப் பேசுகிற மனிதர். சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவினது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். மேஸ்திரிக்கு மட்டும் என்றேன். நான் எழுதிக் கொடுத்தால் மேஸ்திரியின் வீடு நிற்கலாம், ஆனால் குழந்தைகள் வரும் கேட்டை மூடிவிடலாம். எழுதாவிட்டால் கேட்டு திறந்திருக்கும், அந்த வீடு போகும் என்றேன். இரண்டையும் அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நீ யாருக்காவ எழுதற? அவுருக்காவவா, உனக்குத் தூக்கம் வரலன்னா?"

தெரியவில்லை என்றேன்.

"தெரியாமலே எழுது. ஆனா பாதி எழுதாத. கழுவினத மட்டும் எழுதிட்டு பாப்பா அழுதத உட்டா, அவரு ஏன் அவசரப்பட்டாருன்ற கேள்வி அவரு தலமேலயே கெடக்கும்."

விடியற்காலையில் எங்கோ கீழே சுரங்கத்தில் பாறை வெடித்து வீடு ஒரு தடவை குலுங்கியது. அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. பாப்பா அசையாமல் தூங்கினாள். நான் எழுந்து உட்கார்ந்து எழுதினேன்.

ஷெட்டுக்குப் பொறுப்பான சூப்பரின்டெண்ட் நல்ல மனிதர்தான். நான் கொடுத்த இரண்டு தாளையும் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு மடித்து என் பக்கமே தள்ளினார். அவர் சொன்னது, நான் ஒன்பது நாள் எனக்கே சொல்லிக்கொண்டது. கரண்டியைச் சூடாக்கியிருந்தால் உன் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது. இதை எடுத்துக்கொண்டு போ, உன் பெயரை இதற்குள் ஏன் இழுக்கிறாய் என்றார். அதை அவர் வாயிலிருந்து கேட்டபோது, எவ்வளவு சரியாகவும் எவ்வளவு கேவலமாகவும் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"சூடாக்காததும் எனக்காகத்தான் சார்" என்றேன். "நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை."

தாளைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். அப்படியானால் கேட்டை மூடிவிடவா என்று கேட்டார். அதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சாம்பிள் எடுக்கும் நேரத்தை மாற்றினால் போதும், குழந்தைகள் வருவதை நிறுத்த வேண்டாம் என்று. அதைத் தாளின் கடைசியிலும் எழுதியிருந்தேன். அவர் தாளை இழுப்பறைக்குள் வைத்தார்.

மேஸ்திரியை நீக்கவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். கை ஆறும்வரை விடுப்பு, பிறகு பழைய இடத்திலேயே வேலை. வீடு நின்றது. எனக்கும் ஒரு எச்சரிக்கை. அடுத்த திங்கட்கிழமை கேட்டை மூடிவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது.

அன்று மத்தியானம் கேன்டீனில் வேலை செய்கிற பெண்களில் ஒருத்தி என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அவள் குழந்தை என் பாப்பாவைவிடச் சின்னது, நான்கு மாதம். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"உண்மையச் சொல்லி உன் மனசு வெளுத்துச்சு. என் புள்ள வவுறு காயுது."

  நான் எழுதாமல் இருந்திருந்தால் மேஸ்திரியின் மனைவி அதே வார்த்தைகளை வேறு விதமாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். யாரும் எதுவும் சொல்லாதபடி நடந்துகொள்ள ஒரு நேரம் இருந்தது. அது விசாரணை நேரம் இல்லை. கரையில் நின்ற அந்த நேரம். "கரண்டி காயட்டும்" என்ற இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்த நேரம். அதைத் தவறவிட்ட பிறகு நான் எதைச் செய்தாலும் யாருக்காவது அடிபட்டிருக்கும்.

ஆறு வாரம் கேட்டு மூடியிருந்தது. நாங்கள் பாலைப் பீய்ச்சிக் கொட்டினோம். பிறகு அந்தக் கேன்டீன் பெண்தான் மற்ற மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு சூப்பரின்டெண்ட் அறைக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள், போ என்று சொல்லவில்லை. உள்ளே போய் அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ஆறு வாரத்தில் குழந்தைகள் எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்குப் போயின, அதற்காக நாங்கள் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு நின்றாள். அந்த வாரமே கேட்டைத் திறந்தார்கள். சாம்பிள் நேரத்தையும் பத்தரை மணிக்கு மாற்றினார்கள். ஆனால் அவள் குழந்தை அதற்குள் புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டது. திரும்ப மார்புக்கு வரவில்லை. மற்ற நான்கு பேரும் மரத்தடிக்குப் போகும் நேரத்தில் அவள் கேன்டீன் வாசலில் நின்று பாத்திரம் துலக்குவாள்.

மேஸ்திரி திரும்பி வந்து எடுத்த முதல் டிராஸ் நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நேரத்தை மாற்றினார்களே தவிர, டிராஸ் நேரம் பார்த்து அடங்குவதில்லை. அன்று அது அடங்கத் தாமதம். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அவர் நிறுத்தி வைத்தார். எடுத்து முடிக்கும்போது பதினோரு மணி ஆகப் பத்து நிமிஷம். என்னிடம் புதுக் கரண்டி இருந்தது. நான் சொல்லிப் பட்டறையில் அடித்துக் கொடுத்தது. காம்பு குழாய் இல்லை, முழுக் கம்பி. இப்போது சுவரில் தொங்குவது அதுதான். கரியாக இருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள். தட்டினால் போதும்.

கேட்டில் பாப்பா அழ ஆரம்பித்தாள். பதினோரு மாதம் ஆகியிருந்தது, குரல் பெருத்திருந்தது. ஷெட்டில் அதே அமைதி. அதே ஆட்கள். இந்தத் தடவை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மேஸ்திரி கரண்டியை வாங்கினார். இடது கையின் அந்த இரண்டு விரல்களும் காம்பைப் பிடிக்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. குனிந்து கரண்டியைக் கரையில் படுக்க வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.  முந்தைய தடவை நான் சொல்லாமல் விட்டதை அவர் எனக்காகக் காத்திருந்து கேட்கிறார் என்று புரிந்தது.

"காயட்டும்" என்றேன்.

"அழட்டும்" என்றார் அவர். "இன்னா இப்போ."

கால் மணி நேரம். கடிகாரத்தைப் பார்க்காமல் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரவிக்கை நனைந்தது, மூடிக்கொள்ளவில்லை. பாப்பாவின் அழுகை உயர்ந்து, விக்கலாகி, பிறகு விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் திரும்ப வரவேண்டும் என்று நினைத்தேன். அவர் கரண்டியை எடுத்து இறக்கினார். தொட்டி அசையாமல் வாங்கிக்கொண்டது. சாம்பிளை அச்சில் ஊற்றி, ஆறட்டும் என்று சைகை காட்டினார்.

நான் ஓடவில்லை. நடந்து போனேன். சரோஜாக்காவின் தோளில் பாப்பா அழுது அலுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. தூங்குகிறவளை எழுப்பலாமா வேண்டாமா என்று அங்கேயும் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே குடித்தாள்.